மூன்று குழாய்களும் ஒரு வாடகை வீடும்

திருவான்மியூரில் கடற்காற்று வாங்கிக்கொண்டு இருபத்திரண்டு வருடம் வாழ்ந்தவனுக்குப் பாடி மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் எல்லாம் வெளிநாடுதான். பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். நான் கிளம்பிய காலையில் என் மனைவி புளியோதரை கட்டிக் கொடுத்தாள், குடை கொடுத்தாள், ஜுர மாத்திரை கொடுத்தாள். "போய்ச் சேந்ததும் போன் பண்ணுங்க" என்று வாசல் வரை வந்தாள். நான் போனது அம்பத்தூருக்கு.

போன காரியம் காற்றைப் பிடித்து வருவது. அதைச் சொன்னதும் அவள் மாத்திரையை இரண்டாக்கினாள்.

விஷயம் இதுதான். என் தங்கை செல்விக்கு ஆஸ்துமா. மயிலாடுதுறையில் இருந்தவரை மழைக்காலத்தில் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போன இழுப்பு, அவள் கணவர் கதிரேசனுக்கு ஆவடி தொழிற்சாலை அலுவலகத்துக்கு மாற்றலான பிறகு வாரத்துக்கு ஒரு முறை வர ஆரம்பித்தது. இருவரும் தற்காலிகமாகத் தங்கியிருந்தது நீண்ட விடுப்பில் போயிருந்த ஒரு நண்பரின் குவார்ட்டர்ஸ். நண்பர் மூன்று வாரத்தில் திரும்புகிறார். அதற்குள் வேறு வீடு பார்த்தாக வேண்டும். டாக்டரோ, "புகை இல்லாத இடமா பாருங்கம்மா" என்று சொல்லிவிட்டார். சென்னையில் போய்!

கைக்கு வந்தவை இரண்டு வீடுகள். ஒன்று அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய மண்ணூர்பேட்டையில். தரைத்தளம், இரண்டு படுக்கையறை, வாசலிலேயே மளிகைக் கடை, எட்டு வைத்தால் பஸ். கதிரேசனுக்கு அது பிடித்திருந்தது. இன்னொன்று பாரிவாக்கத்தில். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, மழை பெய்தால் தெருவில் வண்டி இறங்காது, ஆனால் சுற்றிலும் இன்னும் வீடாகாத காலி மனைகள். செல்விக்கு அது பிடித்திருந்தது. "மாடிப்படி ஏற முடியாத பொண்ணுக்கு மாடி வீடு" என்று அவர் சொல்ல, "லாரிப் புகைய மூக்குலயே ஊதுற வீடு" என்று இவள் சொல்ல, வீடியோ காலில் நடந்த அந்தப் பட்டிமன்றத்தில் நடுவராக நான் வாயைத் திறந்தேன்.

"எதுக்குச் சண்டை? ரெண்டு எடத்துக் காத்தையும் அளந்துருவோம்."

நான் ஒரு கல்லூரி வேதியியல் துறையில் ஆய்வக உதவியாளன். அதாவது இருபத்திரண்டு வருடமாகக் குழாய் கழுவுகிறேன். பிப்பெட்டும் பியூரெட்டும் என் கையில் உடைந்த எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் எனக்கு இரண்டு முனைவர் பட்டம் கொடுத்திருக்க வேண்டும். எங்கள் துறைப் பேராசிரியை காற்று மாசு பற்றி ஆராய்பவர். அவர் முன்னால் போய் நின்று தலையைச் சொறிந்தேன். மூன்று குழாய்களை எடுத்துக் கொடுத்தார்.

"ஒரே ஒரு குழாய வச்சுக்கிட்டு ஒரு ஊருக்கே தீர்ப்பு எழுதிராதீங்க" என்றார்.

"சேச்சே" என்றேன், மனதுக்குள் தீர்ப்பின் முதல் பத்தியை எழுதியபடி.

குழாய் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். சுண்டுவிரல் நீளம், இருபுறமும் மூடி. மேல் மூடிக்குள் மருந்து தடவிய சிறிய கம்பிவலை உட்கார்ந்திருக்கும். கீழ் மூடியைக் கழற்றிவிட்டு, வாய் தரையைப் பார்க்கும்படி தொங்கவிட்டால் போதும். காற்றில் இருக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடு தானாக மேலே ஊர்ந்து போய் அந்த வலையில் மாட்டிக்கொள்ளும். இரண்டு வாரம் கழித்து மூடி எடுத்து வந்து, ஆய்வகத்தில் ஒரு கரைசலை ஊற்றினால் இளஞ்சிவப்பு நிறம் வரும். சிவப்பு ஏற ஏறக் காற்று மோசம். பேட்டரி இல்லை, மோட்டார் இல்லை. என்னைப் போலவே சும்மா தொங்கிக்கொண்டிருப்பதுதான் அதன் வேலை. மூன்றாவது குழாயைத் திறக்கவே கூடாது. மற்ற இரண்டையும் எதனோடு ஒப்பிடுவது என்பதற்காக, செல்வி வீட்டு ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் அது இரண்டு வாரம் தவம் இருக்கும்.

திங்கட்கிழமை. குழாய்களைப் பனிக்கட்டியோடு ஒரு தூக்குவாளியில் போட்டுக்கொண்டு மின்சார ரயிலில் உட்கார்ந்தேன். பட்டரைவாக்கத்தில் இறங்க வேண்டும். பட்டரைவாக்கம் வந்தது, ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டுப் போயும்விட்டது. "ஃபாஸ்ட்டு வண்டி சார் இது. இங்கெல்லாம் நிக்காது" என்றார் எதிரே பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மா. உரித்தபடியே, "வாளில இன்னா, மீனா?" என்றார். காற்று பிடிக்கும் குழாய் என்றேன். அடுத்த நிலையம் வரை என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

திரும்பி வந்து மண்ணூர்பேட்டையில் கால் வைத்தபோது மணி பன்னிரண்டு. எங்கள் கடற்கரைப் பக்கம் காற்று முகத்தில் வந்து மோதும். இங்கே காற்று நம் மேல் உட்காருகிறது. தொழிற்பேட்டைக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக, எஞ்சினை அணைக்காமல், உறுமிக்கொண்டு நின்றன. நமக்கு வர வேண்டிய வீட்டுக்கு இரண்டு கட்டடம் தள்ளி ஒரு லேத் பட்டறை. வாசலில் ஒரு வேப்பமரம், ஒரு கம்பம். ஆள் மூச்சுவிடும் உயரத்துக்குச் சற்று மேலே, எட்டித் தொட வசதியாக. குழாய்க்குப் பிறந்ததே அந்தக் கம்பம்.

பட்டறைக்காரர் ஏழுமலை, இரும்புத்தூள் ஒட்டிய கையோடு வெளியே வந்தார்.

"இன்னா அண்ணாத்தே, கேமராவா?"

"இல்லீங்க. காத்துல எவ்ளோ விஷம் இருக்குன்னு பாக்குற குழாய்."

"அத்தப் பாக்க குழா எதுக்கு? என் கர்ச்சீப்பக் காட்டறேன் வா."

பட்டறையின் முன்பக்கத்தில் இட்லிக் கடை போட்டிருந்த அவர் மனைவி கன்னியம்மா, "சும்மா கெட. சாரு காலேஜ்லேந்து வந்துகீறாரு" என்று அவரை அடக்கிவிட்டு, எனக்கு நான்கு இட்லியும் வடகறியும் வைத்தார். அந்த வடகறியைப் பற்றி மட்டுமே தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். எங்கள் பக்கத்தில் வடகறி என்ற பெயரில் கொடுப்பது நேற்றைய வடைக்குச் செய்யும் ஈமச்சடங்கு. இது மறுபிறவி.

சாப்பிட்டுக்கொண்டே விளக்கினேன். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ரயிலில் ஜன்னல் ஓரம் தூங்குகிற ஆசாமி மாதிரி, யார் வம்புக்கும் போகாது. ஆனால் டீசல் எஞ்சினுக்குள் போய் அந்தச் சூட்டில் மாட்டினால் அதுவே முழித்துக்கொண்டு, பக்கத்து சீட்டு ஆக்சிஜனோடு ஒட்டிக்கொண்டு நைட்ரிக் ஆக்சைடாக வெளியே வரும். வெளியே வந்ததும் காற்றில் இருக்கும் ஓசோனிடமிருந்து இன்னும் ஒரு ஆக்சிஜனைப் பிடுங்கி டை ஆக்சைடாகும். அதுதான் மூச்சுக்குழாயில் போய் எரிச்சல் கிளப்புகிற ஆள். சாதாரண ஆட்களுக்கே ஆகாது. ஆஸ்துமாக்காரர்களின் மூச்சுக்குழாய் அவனைக் கண்டாலே கதவைச் சாத்திக்கொள்ளும்.

"அப்ப லாரிக்காரன் எஞ்சின்ல சமைக்கிறான், நாங்க துன்றோம்" என்றார் ஏழுமலை. இருபது பக்கப் பாடத்தை ஒரு வரியில் முடித்துவிட்டார். குழாயைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். "நம்ம பட்டறச் சாமான் மாறி பாத்துக்கறோம் சார்" என்றார் கன்னியம்மா. இந்த வாக்கியத்தைக் கேட்டபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வடகறி இடம் விடவில்லை.

சாயங்காலம் ஆவடி. ரயிலடியிலிருந்து குவார்ட்டர்ஸுக்குக் குறுக்கு வழி என்று நானே கண்டுபிடித்த வழி, ராணுவத் தொழிற்சாலையின் முள்கம்பி வைத்த நீளமான மதில் ஓரமாகப் போய், ஒரு துப்பாக்கி முன்னால் முடிந்தது. துப்பாக்கிக்குப் பின்னால் நின்ற இளைஞர் இந்தியில் என்னவோ கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தி, ரயில் டிக்கெட்டின் பின்பக்க இந்தி. வாளியைத் திறந்து காட்டினேன். உருகிய பனிக்கட்டி நடுவே இரண்டு மர்மக் குழாய்கள். நிலைமை அப்படி ஒன்றும் நல்லபடியாக இல்லை. கதிரேசனுக்குப் போன் போட்டுக் காவலர் கையில் கொடுத்தேன். இருவரும் வெகுநேரம் பேசினார்கள். கடைசியில் காவலர் சிரித்துவிட்டார். போனைத் திருப்பித் தரும்போது மெதுவாக ஏதோ சொன்னார். கதிரேசன் பிறகு மொழிபெயர்த்தார்: "எங்க ஊர்ல குளிர்காலத்துல பக்கத்துல நிக்கிற ஆள் தெரியமாட்டான். காத்த அளக்க இங்க ஏன் வந்தாருன்னு கேட்டாரு மச்சான்."

செவ்வாய்க்கிழமை பாரிவாக்கம். ஷேர் ஆட்டோவில் மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஐந்து பேர்; நான் ஆறாவதாக, டிரைவருடைய மடியின் ஒரு பகுதியில் பயணம் செய்தேன். வளைவுகளில் நாங்கள் இருவருமாகத்தான் ஓட்டினோம். "அண்ணே, காலக் கொஞ்சம் மடக்கிக்க, பிரேக் அங்கதான் கீது" என்றார். அதன் பிறகு பூந்தமல்லி சாலையின் அழகை நான் ரசிக்கவில்லை.

ஆனால் பாரிவாக்கம் அழகுதான். புது வீடு, காலி மனை, எருமை, புது வீடு, காலி மனை, இன்னொரு எருமை. நமது வீட்டுக்கு எதிர்க் கம்பத்தில் குழாயைக் கட்டிவிட்டு ஆழமாக மூச்சை இழுத்துப் பார்த்தேன். மாட்டுச் சாணம், ஈர சிமென்ட், எங்கேயோ வெங்காய பஜ்ஜி. செல்வி கட்சிக்கு மனதில் அரை ஓட்டுப் போட்டேன்.

அரைதான். ஏனென்றால் இந்த வாயுவுக்கு ஒரு குறும்பு உண்டு. வெயில் பட்டால் டை ஆக்சைடிலிருந்து ஓர் ஆக்சிஜன் அணு கழன்று, போய்ப் பக்கத்து ஆக்சிஜனோடு சேர்ந்து ஓசோனாகும். நெரிசல் சாலையில் அந்த ஓசோனைப் புதுப்புகையே தின்றுவிடும். சாலையிலிருந்து தள்ளி, காற்றோட்டமான ஊரில், தின்பதற்கு ஆள் குறைவு. அதனால் நல்ல வெயில் மதியத்தில் புறநகரில் ஓசோன் ஏறும். அதுவும் நெஞ்சுக்கு ஆகாது. சண்டைக்காரன் ஊரில் இல்லை என்று நிம்மதியாக உட்கார்ந்தால் அவன் மைத்துனன் வந்து கதவைத் தட்டுகிற கதை. செல்வியிடம் போனில் சொன்னேன். "மத்தியானம் ஜன்னலச் சாத்திட்டுப் போறேன். நீ மொதல்ல குழாயத் தலைகீழாக் கட்டாம இருந்தியா?" என்றாள். போய்ப் பார்த்தேன். சரியாகத்தான் கட்டியிருந்தேன். ஆனால் போய்ப் பார்த்தேன்.

மறுநாள் ஆயுத பூஜை, அதற்கடுத்த நாள் விஜயதசமி. விடுமுறைக் கூட்டத்துக்கு முன்னால் தாயகம் திரும்பி, என் ஆய்வகத்தில் தராசுக்கும் அடுப்புக்கும் பொட்டு வைத்து, பொரிகடலை தின்று, நன்றாகத் தூங்கினேன்.

இரண்டு வாரம் கழித்து அதே திங்கள், அதே செவ்வாய். இந்த முறை ஸ்லோ வண்டி. மண்ணூர்பேட்டைக் குழாய் கம்பத்தில் பளபளவென்று தொங்கியது. சென்னைத் தூசியில் இரண்டு வாரம் கிடந்த பொருள் இப்படிப் பளபளப்பது இயற்கையா என்று ஓர் ஆய்வாளன் கேட்டிருப்பான். நான் குழாய் கழுவுகிறவன். சுத்தமான குழாயைக் கண்டால் சந்தோஷப்படுவேன். கன்னியம்மா கடையை மூடியிருந்தார். ஏழுமலை உள்ளே லேத்தின் இரைச்சலில் இருந்தார். கையை மட்டும் ஆட்டினார். நானும் ஆட்டினேன். மூடினேன், வாளியில் போட்டேன், போய்விட்டேன். பாரிவாக்கத்துக் குழாய் அழுக்காக, சிலந்திக்கூடு சகிதம் இருந்தது. "ச்சே, என்ன ஊர்" என்று துடைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை ஆய்வகம். கரைசலை ஊற்றினேன். ஃபிரிட்ஜில் தவம் இருந்த குழாய் நிறமே காட்டவில்லை. உத்தமன். பாரிவாக்கம், குல்கந்து கலந்த பால் மாதிரி இளஞ்சிவப்பு. மண்ணூர்பேட்டை அதில் பாதிதான். கருவியில் வைத்துப் பார்த்தேன், பாதியேதான்.

பேராசிரியை ஊரில் இல்லை. அது ஒரு பெரிய குறை. ஏனென்றால், அந்த நேரத்தில் யாராவது என்னைத் தடுத்திருந்தால் நான் ஒரு கோட்பாட்டைக் கண்டுபிடித்திருக்க மாட்டேன். லாரிகளின் வரிசைக்கு நடுவே எப்படிச் சுத்தமான காற்று? யோசித்தேன். பளிச்சென்று வந்தது. புகை வெளியே வரும்போது பெரும்பாலும் நைட்ரிக் ஆக்சைடு. அது டை ஆக்சைடாக மாறுவதற்குள் கடற்காற்று அதை மேற்கே தள்ளிக்கொண்டுபோய்ப் பாரிவாக்கத்தில் கொட்டிவிடுகிறது! மிச்சத்தை வேப்பமரம் பார்த்துக்கொள்கிறது! வியாழன் இரவு வீடியோ காலில் இதை நான் படம் போட்டு விளக்கியபோது கதிரேசன் கை தட்டினார்.

செல்வி கை தட்டவில்லை. "அண்ணே, அந்த வீட்டப் பாக்கப் போன அன்னைக்கே எனக்கு நெஞ்சு அடைச்சுச்சு. ரெண்டு தடவ மருந்து உறிஞ்சுனேன்."

"அது மனசுல நெனச்சுக்கறது" என்றேன் நான். "குழாய்க்கு மனசு கிடையாது."

 "சரி. நீ சொன்னா சரி" என்றாள். குழாய் கழுவுகிறவனை உலகத்தில் நம்புகிற ஒரே ஜீவன் அவள்தான்.

சனிக்கிழமை. வீட்டுக்காரர் சாவியோடு காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். நாங்கள் மூவரும் மண்ணூர்பேட்டையில் இறங்கினோம். செல்வி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நடந்தாள். நான் வெற்றி வீரனாக முன்னால் நடந்தேன். போகிற வழியில் பட்டறைக்குள் எட்டிப் பார்த்து நன்றி சொல்லிவிட்டுப் போவது அறிவியலுக்கு அழகு என்று பட்டது.

"இன்னா சார், நம்ம குழா பாஸா, ஃபெயிலா?" என்றார் ஏழுமலை.

"பாஸ்! பாரிவாக்கத்தையே தோக்கடிச்சிருச்சு!"

"நான் சொல்லல?" என்று அவர் கன்னியம்மாவிடம் திரும்பினார். "பூச போட்ட பொருளு எப்டி ஃபெயிலாவும்?"

"என்ன பூசை?" என்றேன்.

"ஆயுத பூச நைனா!" என்றார் கன்னியம்மா. "லேத்து, டிரில்லு, ஸ்பேனரு, என் இட்லிப் பான, எல்லாத்துக்கும் பொட்டு வெச்சிகினே வந்தேன். உன் சாமானும் நம்ம வாசல்ல வேல செய்யிற சாமான்தானே? அத்த மட்டும் உட்டா அது மனசு இன்னா நெனைக்கும்?"

குழாய்க்கு மனசு உண்டு என்று எனக்கு அறிவிக்கப்பட்டது.

"எங்க வெச்சீங்க?"

"மூஞ்சிலதான். பொட்டு வேற எங்க வெப்பாங்க? கீய பாத்துகினு தொறந்துகினு இருந்திச்சே, அதான மூஞ்சி? சந்தனத்த நல்லா அப்பி, நடுவுல குங்குமம் வெச்சேன். அம்சமா இருந்திச்சி."

ஏழுமலை போனை நீட்டினார். படத்தில் பட்டறையே மாலையும் கழுத்துமாக நின்றது. வாழைக்கன்று, பூசணிக்காய், பொரி, ஏழு பேர், ஒரு லேத். நடுவே கம்பத்தில் என் குழாய், சாமந்திச் சரம் சுற்றி, வாய் முழுக்கச் சந்தனம் அடைத்து, குங்குமப் பொட்டோடு, கல்யாணப் பெண் மாதிரி.

"அப்புறம்... எப்ப எடுத்தீங்க?"

"பூச சந்தனத்த யாரு சார் எடுப்பா? லேத்துல வேல பண்ணப் பண்ண அதுவா போவும். உன் குழாயத்தான் யாரும் தொடலியே. அப்டியே சிமென்ட்டு கணக்கா காஞ்சி இறுகிக்கிச்சி. நீ வர்ற அன்னிக்குக் காலைலதான், ஆபீசருக்கு இப்டியே குடுத்தா நல்லாருக்காதேன்னு, நான்தான் கம்பியால நோண்டி, பனியன் வேஸ்ட்டு போட்டு பளபளன்னு தொடச்சி வெச்சேன்" என்றார் ஏழுமலை பெருமையாக.

முதலில் சிரித்தவர் கதிரேசன். பட்டறை முழுக்கச் சிரித்தது. லேத் ஓட்டுகிறவர் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "மச்சான், அந்த வேப்பமரக் கோட்பாடு..." என்று ஆரம்பித்துவிட்டு, முடிக்க முடியாமல் கதிரேசன் ஒரு பீப்பாயின் மேல் உட்கார்ந்துவிட்டார். பூமி பிளந்து என்னை விழுங்கவில்லை. தொழிற்பேட்டை பூமி, கான்கிரீட் போட்டிருக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் கால் மணி நேரத்தில் என் தங்கை அந்த வீட்டுக்குச் சாவி வாங்கியிருப்பாள். நெஞ்சு அடைக்கிறது என்று அவள் சொன்னாள். நான் சந்தனம் பூசிய குழாயைக் காட்டி, மனசு என்றேன்.

"நாளைக்குள்ள வீடு வேணும்" என்றேன். "புதுசாக் குழாய் மாட்டி இன்னும் ரெண்டு வாரம் காத்திருக்க முடியாது. இப்ப எதை வச்சு முடிவு பண்றது? இந்தக் குழாய் வீண்."

"எதுக்கு வீண்?" என்றாள் செல்வி.

அவள் சிரித்து ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பட்டறையில் இரும்பில் அளவு குறிக்கிற சாக்குக்கட்டி ஒன்று கிடந்தது. எடுத்தாள். தகட்டின் மேல் குனிந்தாள்.

"நீ இதத் திங்கக்கிழமை மத்தியானம் மாட்டுன. அக்கா, நீங்க எப்ப சந்தனம் வச்சீங்க?"

"புதன்கெயம உச்சி வேளல."

"ஆக, ரெண்டு நாளுதான் வாய் தொறந்திருந்துச்சு. அப்புறம் பன்னெண்டு நாளு மூடிக் கெடந்துச்சு, கடைசி நாள் காலைல கொஞ்ச நேரத்த விட்டுரு. பாரிவாக்கத்துக் குழாய் பதினாலு நாளும் தொறந்திருந்துச்சு." தகட்டில் இரண்டு, பதினாலு என்று எழுதினாள். "பதினாலு நாள்ல அங்க வந்த நெறத்துல பாதிய, இது ரெண்டே நாள்ல புடிச்சிருக்கு. அப்ப பதினாலு நாளும் தொறந்திருந்தா?"

பாதியை ஏழால் பெருக்கினாள். மூன்றரை என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள்.

 வெளியே லாரிகள் உறுமிக்கொண்டிருந்தன. பொட்டு வைத்து வாயை அடைத்த குழாய், அதற்கு முன் இரண்டே நாளில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் அடங்கியிருக்கிறது. அதைக் கேட்கத் தெரிந்தவள் என் தங்கை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அதைக் கழுவ.

"மூணர மடங்கு" என்று கதிரேசன் மெதுவாகச் சொன்னார். செல்வியைப் பார்த்தார். "வா, போலாம். வீட்டுக்காரருக்கு நானே போன் பண்ணி வேணாம்னு சொல்லிடறேன். மாடி ஏறுறப்ப நடுவுல ஒரு ஸ்டூல் போட்டு வக்கிறேன்."

கிளம்பும்போதுதான் கன்னியம்மா கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"ஏன் சார், நீங்க வேற ஊடு பாத்துகினு பூடுவீங்க. அப்ப நாங்க?"

இருபத்திரண்டு வருட அனுபவத்தில் இதற்கு ஒரு கரைசல் இல்லை.  இன்னொரு குழாய் கொண்டுவந்து மாட்டுகிறேன், இந்த முறை பதினாலு நாளும் திறந்தே இருக்கட்டும், வருகிற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு லாரிகளை நகர்த்தச் சொல்லி மனு எழுதுவோம் என்றேன். பெரிய பதில் இல்லை. அவர் தலையாட்டினார். "இந்த தபா கம்பத்துக்கு மட்டும் பொட்டு வெக்கறேன்" என்றார்.

அடுத்த வாரமே குழாயோடு போனேன். ஏழுமலை அதற்குள் வேறொரு வேலை செய்திருந்தார். எஞ்சினை அணைக்காமல் நிற்கிற லாரிகளின் கதவைத் தட்டி, "ஆஃப் பண்ணு மாமே, மேல பாரு, குழா பாக்குது" என்கிறாராம். பாதிப் பேர் கேமரா என்று நினைத்து அணைத்துவிடுகிறார்கள். அன்றைக்குக் குழாயே மாட்டியிருக்கவில்லை. கம்பத்தில் சாமந்திச் சரம் மட்டும் காய்ந்துகொண்டிருந்தது.

ஊரிலிருந்து திரும்பிய பேராசிரியையிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். வேப்பமரத்தை மட்டும் விட்டுவிட்டேன். "ஒரு குழாய், அதுவும் சந்தனம் அடச்சது. இத எந்தப் பத்திரிகையும் போடாது" என்றார். பிறகு, "ஆனா உங்க தங்கச்சி கணக்குப் போட்ட விதம் சரி. அவங்களுக்கு வேலை வேணுமான்னு கேளுங்க" என்றார். என் வேலையையா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இதற்கெல்லாம் முன்பே, அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாளே, பாரிவாக்கத்தில் பால் காய்ச்சினார்கள். அடுப்பு வைத்த இடத்துக்கு மேலேயே ஜன்னல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். கேஸ் அடுப்பின் நீலச் சுடரும் இதே வாயுவைக் கொஞ்சம் சமைக்கும். பெரிய இடத்துச் சம்பந்தம் போல, எங்கே போனாலும் நம்மை விடாது. இன்ஹேலரையும் டாக்டரையும் அவள் விடவில்லை, விடவும் கூடாது.

இரண்டு மாதம் கழித்து, ஒரு மழைக்கால மாலை, அவளைப் பார்க்கப் போனேன். தெருவில் வண்டி இறங்கவில்லை. கணுக்கால் சேற்றில் நடந்தேன். கீழே மளிகைப் பையோடு நின்றிருந்தாள். பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். தரவில்லை.

"மனசுல நெனச்சுக்கறதா? என் நெஞ்சு எனக்குத் தெரியாதா? வேப்பமரமாம், கடற்காத்தாம்! அண்ணிகிட்டச் சொல்லிட்டேன், பேராசிரியைக்கும் போன் போட்டு அந்த மரத்தப் பத்திச் சொல்லப் போறேன். அம்மா இருந்தப்பவே சொல்லும், இவன் எதையும் பாதிதான் கேப்பான்னு..." என்று முதல் படியில் ஆரம்பித்தாள். முதல் மாடி வந்தது. திருப்பத்தில் கதிரேசன் போட்டு வைத்த ஸ்டூலில் யாரோ செருப்புகளை அடுக்கியிருந்தார்கள். அவள் அதைத் தாண்டிப் போனாள். என் கல்லூரி நாட்கள், என் மீசை, போன தீபாவளிக்கு நான் வாங்கிக் கொடுத்த புடவையின் நிறம் எல்லாம் வரிசையாக வந்துகொண்டிருந்தன. இரண்டாவது மாடி வந்தது. பூட்டைத் திறந்தாள். இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள்.

நான் ஒன்றரை மாடியில், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.